தோட்டத்துக்குப் போகும் பிள்ளைகள்: காயமில்லாமல் வீடு திரும்ப ஒரு முழு வழிகாட்டி

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் நம் ஆட்கள் பலருக்கு இன்னும் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. நிபோங் திபால் பக்கம் நாலு ஏக்கர் செம்பனை, தாசேக் குளுகோரில் மாட்டுக்கொட்டகை, சுங்கை பாக்காப்பில் தாத்தா வீட்டுக்குப் பின்னால் ஆடும் கோழியும் வாழையும். தீவுப் பக்கம் போனால் பாலிக் பூலாவில் டுரியான். பிள்ளைகள் வளர்வது என்னவோ பட்டர்வொர்த்திலும் பிறையிலும் அடுக்குமாடி வீடுகளில்தான். சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் வந்தால் தாத்தா வீட்டுக்குப் பறக்கிறார்கள். பறக்கட்டும். மண்ணில் கால் வைக்காமல் பிள்ளை வளரக்கூடாது என்று நினைப்பவர்களில் நானும் ஒருவர்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிறை தொழிற்பேட்டையில் எந்தத் தொழிற்சாலையும் ஏழு வயதுப் பிள்ளையை வாசல் தாண்ட விடாது. தோட்டத்தில் தாத்தாவின் வேலைத்தளமும் பேரனின் விளையாட்டு மைதானமும் ஒரே இடம். வண்டி, அரிவாள், விஷம், தண்ணீர், மாடு எல்லாம் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஊரெங்கும் பிள்ளைகள் பண்ணையில் அடிபடுவதற்கு இதுதான் மூலகாரணம். அமெரிக்காவில் பண்ணைச் சம்பவங்களில் ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒரு பிள்ளை இறக்கிறது. அங்கே டிராக்டரும் மற்ற வாகனங்களும் முன்னணிக் காரணங்களில் வருகின்றன. இறப்பவர்களில் பலர் வேலை செய்ய வந்த பிள்ளைகள் கூட இல்லை, சும்மா பக்கத்தில் நின்றவர்கள்.

நம் வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் பதில், “சொல்லி வெச்சிருக்கேன், கிட்ட போக மாட்டான்.” ஐந்து வயதுப் பிள்ளை சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லும். ஒரு கோழிக்குஞ்சு குறுக்கே ஓடினால் அத்தனையும் மறந்துவிடும். அது பிள்ளையின் குற்றமில்லை, அந்த வயது மூளை அவ்வளவுதான். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பிடிமானத்தில் நிற்கிறது: சின்னப் பிள்ளைக்குப் பாதுகாப்பு வேலி, பூட்டு, தூரம். புத்திமதி அதற்கு அப்புறம்தான்.

முதல் படி: முட்டி போட்டு ஒரு சுற்று

பிள்ளைகள் வருவதற்கு முந்தின வாரமே நிலத்தைச் சுற்றி வாருங்கள். நிமிர்ந்து நடந்தால் போதாது. நாலு இடத்திலாவது குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிள்ளையின் கண் உயரத்தில் பாருங்கள். ஸ்டோரின் கீழ்த்தட்டு தெரியும். தண்ணீர் பம்பின் பெல்ட் தெரியும். மூடி இல்லாத டிரம், தகரக் கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, சுவரில் சும்மா சாய்த்து வைத்த டிராக்டர் டயர் எல்லாம் தெரியும். அந்த டயர் ஒரு பிள்ளை பிடித்து ஏறினால் அப்படியே மேலே சாயும். இதை யாரும் ஆபத்து என்று எண்ணுவதில்லை, அதனால்தான் குறிப்பாகச் சொல்கிறேன்.

பார்த்ததை எழுதிக்கொள்ளுங்கள். அன்றே சரிசெய்ய முடிந்ததை அன்றே முடித்துவிடுங்கள். மிச்சத்துக்கு எதிரே யார் செய்வது என்று ஒரு பெயர் இருக்கட்டும்.

இரண்டாம் படி: வேலி போட்ட விளையாட்டு இடம்

என்னைக் கேட்டால், இந்த ஒரு படிக்காவது பணம் செலவழியுங்கள். வீட்டை ஒட்டி, சமையலறை ஜன்னலிலிருந்து பார்வை படும் இடத்தில், நிழல் உள்ள ஒரு பகுதியை வளையுங்கள். வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் வேண்டும். குறுக்குக் கம்பி கால் வைத்து ஏற வாகாக இருக்கக்கூடாது. கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், தாழ்ப்பாள் மேலே, பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில். வண்டி வரும் பாதை, மாட்டுக்கொட்டகை, கால்வாய் மூன்றும் வேலிக்கு வெளியே இருக்க வேண்டும். டுரியான் மரம், தென்னை மரத்தின் கீழ் இந்த இடம் வேண்டவே வேண்டாம்.

உள்ளே மணல், பழைய சட்டி, தண்ணீர் ஊற்ற ஒரு சின்னக் குவளை போதும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தோட்டத்தில் இருக்கும் நேரமெல்லாம் ஒன்று இந்த வேலிக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு வேலை எதுவும் செய்யாத ஒரு பெரியவரின் கையைப் பிடித்திருக்க வேண்டும். “வேறு வேலை எதுவும் செய்யாத” என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். புல் அறுத்துக்கொண்டே பிள்ளை பார்ப்பது பிள்ளை பார்ப்பதாகாது. பன்னிரண்டு வயது அக்காவின் பொறுப்பில் விடுவதும் ஆகாது, அவளும் பிள்ளைதான். மலேசியாவின் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், தகுந்த கண்காணிப்பின்றிப் பிள்ளையை விட்டுச் செல்வதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

மூன்றாம் படி: வண்டிகள்

ஓர் இருக்கை, ஓர் ஆள். டிராக்டருக்கு இது ஒன்றுதான் விதி. மடியில் பேரன், மட்கார்டில் பேத்தி, டிரெய்லரில் குலைகளுக்கு மேல் நாலு பேர் என்பதை நம் கண்ணே பார்த்து ரசித்துப் பழகிவிட்டது. டிராக்டர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மட்கார்டில் இருப்பவர் முன்னால் விழுந்தால் பின்சக்கரத்துக்கு அடியில்தான் போவார். ஓட்டுபவர் பிரேக்கைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புது டிராக்டர்களுக்குச் சுவீடன் 1959-லேயே கட்டாயமாக்கியது. அந்த இரும்புச் சட்டமும் பெல்ட் போட்டு இருக்கையில் அமர்ந்தவரைத்தான் காக்கும், மடியில் இருப்பவரை அல்ல.

பின்னோக்கி எடுக்கும் முன் இறங்கி ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். லோரிக்கும் வேனுக்கும் இது பொருந்தும். குனிந்து விளையாடும் மூன்று வயதுப் பிள்ளை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. அந்த நேரம் பிள்ளைகள் எங்கே என்று யாராவது வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சாவி திரும்ப வேண்டும். வேலை முடிந்ததும் சாவி வண்டியில் தங்கக்கூடாது.

டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டைப் பற்றி ஒரு கணக்கு. வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. பாவாடை நுனியோ சடையோ சிக்கினால் இழுத்துக்கொள்ள நேரமே இல்லை. மாட்டுக்குப் புல் நறுக்கும் இயந்திரமும் அப்படித்தான், அது விரலைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளும். நேப்பியர் புல்லைத் திணிப்பது பிள்ளைகளுக்கு ஆசையான வேலை. மாடு வளர்க்கும் வீடுகளில் இந்த இயந்திரத்துக்குத் தனி அறையும் பூட்டும் வேண்டும். முடியாவிட்டால் பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் மட்டும் புல் நறுக்குங்கள்.

மோட்டார் சைக்கிளை யாரும் பண்ணை ஆபத்து என்று நினைப்பதில்லை. கம்பத்துச் சாலைதானே என்று ஹெல்மெட் இல்லாமல் பின்னால் உட்கார வைக்கிறோம். தொங்கும் குதிகால் சக்கரக் கம்பிக்குள் போகிறது. முதலில் தோல் கொஞ்சம் உரிந்த மாதிரிதான் இருக்கும். நசுங்கிய சதை இரண்டு மூன்று நாளில் கறுத்துப்போய், தோல் ஒட்டும் அறுவை வரை போகலாம். சக்கரத்துக்குத் தடுப்பு வலை போடுங்கள். கால் மிதியில் கால் எட்டாத பிள்ளையை ஏற்றாதீர்கள்.

இதையெல்லாம் தாத்தாவிடம் சொல்வதுதான் கஷ்டம். மாமனாரிடம் “நீங்க செய்றது தப்பு” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். “மாமா, பையனுக்கு உங்ககூட டிராக்டர்ல போகணும்னு ஆசை. எஞ்சினை நிறுத்திட்டு, சாவிய கையில வெச்சுக்கிட்டு, சீட்ல உட்கார வெச்சு எல்லாத்தையும் காட்டுங்களேன். ஓட்டும்போது மட்டும் வேணாம் மாமா” என்று கேட்டுப் பாருங்கள். பேரனிடம் வண்டியைக் காட்டும் பெருமையை அவரிடமிருந்து பறிக்க வேண்டிய அவசியமில்லை.

நான்காம் படி: செம்பனைக்குள்ளே

பழம் வெட்டும் நாளில் பிள்ளைகள் தோட்டத்துக்குள் வரக்கூடாது. ஒரு குலை சாதாரணமாக 10 முதல் 25 கிலோ இருக்கும். அதற்கு முன் வெட்டிவிடும் மட்டை முள்ளோடு சரிந்து வரும், எந்தப் பக்கம் விழும் என்று பழகியவராலும் சில நேரம் சொல்ல முடியாது. நீளக் கம்பில் கட்டிய அரிவாள் கை தவறினால் அதுவும் விழும். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. அலுமினியக் கம்பு மின்கம்பியில் உரசினால் வெட்டுபவருக்கே உயிர் போகும், ஓடிப் போய்த் தொடுகிற பிள்ளைக்கும் அதே கதி. மின்சாரம் நின்றது உறுதியாகும் வரை கிட்டப் போகக்கூடாது என்று பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

உதிரிப் பழம் பொறுக்குவது சுலபமான வேலை என்று பிள்ளைகளை அனுப்புவார்கள். அங்கேதான் முள். செம்பனை முள் குத்தி நுனி உள்ளேயே ஒடிந்துவிட்டால், வெளியே காயம் ஆறிவிடும், விரல் மூட்டு மட்டும் வாரக்கணக்கில் வீங்கியபடியே இருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் முள் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியலாம். எனவே டாக்டரிடம் போகும்போது “ஒரு மாசம் முன்னாடி செம்பனை முள் குத்தியது” என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். இந்த ஒரு வரி இல்லாமல் வாத நோய் மாத்திரையோடு அலைய வேண்டி வரலாம். கண்ணில் முள் பட்டால் கசக்காமல், எதையும் ஊற்றாமல், கண்ணை அழுத்தாதபடி ஒரு சின்னக் குவளையால் மூடி நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புல் வெட்டும் மெஷின் ஓடும்போது 15 மீட்டருக்குள் யாரும் இருக்கக்கூடாது என்று அதன் கையேடே சொல்கிறது. கல்லும் கம்பித் துண்டும் தோட்டா போலப் பறந்து வரும்.

டுரியான் காலத்தில், ஜூன் ஜூலையில், பாலிக் பூலாவ் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: பழம் பொறுக்கப் பெரியவர்கள் மட்டும், அதுவும் ஹெல்மெட்டோடு. மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிடும் ஆசையை வீட்டு வாசலில் தீர்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: மருந்து ஸ்டோர்

பூச்சிமருந்து, புல் மருந்து இரண்டையும் “மருந்து” என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பிள்ளைகளிடம் மட்டுமாவது விஷம் என்று சொல்லுங்கள். பாராகுவாட் என்ற புல் மருந்தை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. ஆனால் பழைய ஸ்டோரின் மூலையில் பாதிக் கேன் கிடக்கலாம். அதில் ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகும், மாற்று மருந்தும் இல்லை. இருந்தால் தொடாமல் ஒதுக்கிப் பூட்டி, விவசாய இலாகாவைக் கேட்டு ஒப்படையுங்கள். கால்வாயில் ஊற்றாதீர்கள்.

மிக மோசமான பழக்கம், மிச்ச விஷத்தை மினரல் தண்ணீர் பாட்டிலிலோ சிவப்பு நிற சர்பத் பாட்டிலிலோ ஊற்றி வைப்பது. வெயிலில் ஓடி வந்த பிள்ளை எது கண்ணில் பட்டாலும் எடுத்துக் குடிக்கும். லேபிள் உள்ள அசல் கேனைத் தவிர வேறெதிலும் விஷம் இருக்கக்கூடாது. ஸ்டோருக்குப் பூட்டு வேண்டும், சாவி ஆணியில் தொங்காமல் ஒருவரின் இடுப்பில் இருக்க வேண்டும். காலிக் கேனை மூன்று முறை அலசி, அடியில் துளை போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அது மறுநாள் தண்ணீர்க் குடமாகிவிடும். தெளித்தவர் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும், அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். தெளித்த இடத்துக்குள் எப்போது மறுபடி நுழையலாம் என்று லேபிளில் இருக்கும், அதைப் படித்துச் சொல்லுங்கள்.

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், பால் எதுவும் வேண்டாம். வாயைத் துடைத்து, விஷம் பட்ட உடையைக் கழற்றி, தோலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கேனையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் 15 முதல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் விடாமல் கழுவிவிட்டுப் போங்கள். தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்குகிறது. 1800-88-8099 என்ற எண்ணைக் கைபேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: தண்ணீர்

மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் போய்விடும். தோட்டத்துப் பாரிட் கால்வாய், மீன் குளம், மாட்டுத் தொட்டி, மழைநீர் டிரம், இவற்றில் ஒரு சாண் தண்ணீரே சின்னப் பிள்ளைக்குப் போதும். டிரம்முக்கு இறுக்கமான மூடி, குளத்துக்கு நாலு பக்கமும் வேலி. பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் தேட வேண்டிய இடம் தண்ணீர்தான், வீட்டுக்குள் கட்டிலடியைப் பிறகு பார்க்கலாம். தூக்கியெடுத்த பிள்ளை மூச்சு விடவில்லை என்றால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள். உடனே வாயோடு வாய் ஐந்து மூச்சு, அப்புறம் நெஞ்சை அழுத்துவது. ஒருவர் இதைச் செய்ய, இன்னொருவர் 999-ஐ அழைக்கட்டும். சிவப்புப் பிறைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்தும் முதலுதவிப் பயிற்சிக்கு வீட்டில் ஒருவராவது போய் வாருங்கள், படித்துத் தெரிந்துகொள்கிற வேலை அல்ல இது.

ஏழாம் படி: பாம்பு, குளவி, நாய், மாடு

வெட்டிய செம்பனை மட்டையை வரிசைக்கு நடுவே அடுக்கி வைப்பார்கள். அந்த அடுக்கில் எலி, எலியைத் தேடிப் பாம்பு. வடக்கு மாநிலங்களில் அதிகம் கடிப்பது காய்ந்த இலை நிறத்தில் அசையாமல் கிடக்கும் மலாயக் குழிவிரியன். ஆள் வந்தாலும் விலகாது, மிதித்தால் கடிக்கும். ஆகவே செருப்பு போதாது, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மட்டை அடுக்கில் ஏறுவதும் கையை நுழைப்பதும் கூடாது. இருட்டில் டார்ச் இல்லாமல் வெளியே போகக்கூடாது.

கடித்துவிட்டால் கொலுசு, வளையல், காப்பு, மோதிரம் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீக்கம் ஏறிய பிறகு கொலுசு சதைக்குள் புதைந்துவிடும், தாமதித்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கையோ காலோ அசையாதபடி கட்டைவைத்துத் தூக்கிச் செல்லுங்கள், நடக்க விடாதீர்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, மந்திரிப்பது, பாம்பைத் துரத்துவது எதுவும் வேண்டாம். தூரத்திலிருந்து ஒரு படம் கிடைத்தால் நல்லது, இல்லையென்றாலும் பரவாயில்லை. நாகம் கண்ணில் விஷத்தைத் துப்பியிருந்தால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே போங்கள்.

குளவிக்கூட்டைத் தீ வைத்துக் கலைக்காதீர்கள். தீயணைப்புத் துறையான பொம்பாவையோ பொதுத் தற்காப்புப் படையையோ அழையுங்கள். பிள்ளையைப் பல குளவிகள் கொட்டியிருந்தால் நன்றாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிதான். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். 2015-ல் பெர்லிஸ், கெடாவோடு பினாங்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது நினைவிருக்கட்டும். கன்று ஈன்ற பசு, வீட்டில் வளர்ந்ததானாலும், அன்றைக்கு வேறு மாடு. பிள்ளையை அதன் பக்கமே விடாதீர்கள்.

எட்டாம் படி: எந்த வயதில் எந்த வேலை

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1999-ல் பண்ணைப் பிள்ளைகளின் வேலைகளுக்கு ஒரு வழிகாட்டி நெறி வெளியிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது, பிள்ளைக்கு என்ன வயது என்பதோடு நிற்காமல், எட்டுமா, தாங்குமா, ஐந்து படியுள்ள வேலையை வரிசை மாறாமல் செய்யுமா என்று கேட்பது. உயரமாக வளர்ந்துவிட்ட பதினொரு வயதுப் பையனுக்கு வேலை தெரிந்துவிட்டதாக நாம் நினைப்பது அங்கே அடிபட்டுப் போகிறது.

என் கணக்கு இது. ஆறு முதல் ஒன்பது வயதில் முட்டை எடுப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பெரியவர் கூட நிற்கக் கோழிக்குத் தீவனம் போடுவது. பத்து முதல் பதின்மூன்றில் ஆடு மேய்க்கக் கூடப் போகலாம், சின்ன மண்வெட்டி பிடிக்கலாம், கையுறை போட்டுக் களை பிடுங்கலாம். இந்த வயதில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்குக்கு மேல் தூக்க விடாதீர்கள். 40 கிலோ பிள்ளைக்கு அது 4 முதல் 6 கிலோ. உதிரிப் பழ மூட்டை எவ்வளவு என்று நீங்களே தூக்கிப் பாருங்கள். பதினாறு ஆகும் வரை இயந்திரம் எதுவும் வேண்டாம். விஷம் தெளிப்பது, நீளக் கம்பு அரிவாள், டிராக்டர் மூன்றும் பதினெட்டுக்குப் பிறகு. சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. சிறார், இளையோர் வேலைச் சட்டம் 1966-லிருந்தே இருக்கிறது, 2019-ல் நடப்புக்கு வந்த திருத்தப்படி இலகுவான வேலைக்கே குறைந்த வயது 13.

ஒன்பதாம் படி: அடிபட்டுவிட்டால்

தோட்டத்துக்கு வீட்டு எண் கிடையாது. 999-ல் “எங்கே” என்று கேட்டால் நம்மவர்கள் திணறுவது இங்கேதான். மலாயில் நாலு வரி எழுதி ஸ்டோர் கதவில் ஒட்டுங்கள்: பெரிய சாலையின் பெயர், எந்தக் கோயிலுக்கு அல்லது பள்ளிக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும், அதற்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர், வரைபடப் புள்ளி. ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்ச் சந்திப்பில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டட்டும். சுங்கை பாக்காப், புக்கிட் மெர்தாஜாம், கெப்பாலா பத்தாஸ், பாலிக் பூலாவ் எல்லாவற்றிலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, பெரிய காயத்துக்குச் செபராங் ஜெயாவுக்கோ ஜோர்ஜ்டவுனுக்கோ மாற்றுவார்கள். உங்கள் நிலத்துக்கு எது கிட்டே என்று முன்கூட்டியே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

வெட்டுக் காயத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள், பற்பசை எதையும் அப்பாதீர்கள். குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். விரல் துண்டானால் அந்தத் துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள், விரல் ஐஸைத் தொடக்கூடாது. தீக்காயத்துக்கு 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ தூங்கி வழிந்தாலோ காத்திருக்க வேண்டாம். வண்டி ஏறி இறங்கிய பிள்ளை எழுந்து நடந்தாலும், அழாவிட்டாலும் கொண்டுபோங்கள். பிள்ளையின் எலும்பு வளையும், உள்ளே ஈரல் கிழிந்திருக்கலாம்.

எந்தக் காயமானாலும் ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி அட்டையை எடுத்துப் போங்கள். நம் நாட்டு அட்டவணைப்படி குழந்தைப் பருவத்து ஊசிகளுக்குப் பிறகு 7 வயதிலும் 15 வயதிலும் பள்ளியில் போடுவார்கள். அன்று விடுப்பு எடுத்த பிள்ளைக்கு விட்டுப்போயிருக்கலாம்.

காயம் ஆறிய பிறகும் மூன்று வாரம் காய்ச்சலைக் கவனியுங்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சலும், சேற்றுமண்ணிலிருந்து வரும் மெலியோய்டோசிஸும் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் தொடங்கும். கிளினிக்கில் “தோட்டத்துச் சேற்றில் விளையாடினான், காலில் புண் இருந்தது” என்று நீங்களாகவே சொல்லுங்கள், பிறையில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு அதைக் கேட்கத் தோன்றாமல் போகலாம். பிள்ளை அடிபட்ட இடத்தில் வேலியோ பூட்டோ மூடியோ எது குறைந்ததோ, அதை அடுத்த சனிக்கிழமைக்குள் போட்டுவிட்டு, அப்புறம் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.